சிவப்பு மையில் ஒரு கேள்வி

நைனா,

நம் கோயில் உபதேசியார் நேற்று மத்தியானம் வந்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் உன்னைச் சாமியாராக்கிக் குருப்பட்டம் கொடுக்கும்போது அச்சடிக்கிற விழா மலரில் பெற்றோருக்கென்று ஒரு பக்கம் உண்டாம். மாதிரிக்கு வேறொரு ஊர் மலரையும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு தாய் தன் மகனைக் குலவிளக்கு என்றும் வாசனைப் பூ என்றும் எழுதியிருந்தாள். "இதே மாதிரி எழுதிக் குடும்மா, ஒரு பக்கம் தாண்ட வேணாம்" என்றார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அமலா எழுதுகிறாள். நான் பேச்சாகச் சொல்வதை அவள் எழுத்தாக மாற்றிக்கொள்கிறாள். ஒரு பக்கத்தில் இது அடங்காது. மலரில் போடும்படியாகவும் இருக்காது. அதனால் உபதேசியாரிடம் கொடுக்காமல் உனக்கே அனுப்புகிறேன். ஊர் படிக்கலாமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

பட்டம் வாங்கின பிறகு உன்னை வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ, வா, போ என்று ஒரு கடிதமாவது எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

ஆடி மாதம் என்பதால் எனக்கு வேலை இல்லை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மண்டபத்தில் யாருக்குச் சமைப்பார்கள், எந்த அண்டாவை நான் கழுவுவேன். தெருவில் காலையிலிருந்து காவடிகள் போகின்றன. பள்ளிப்பட்டிலிருந்தும் ஆந்திரா பக்கமிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மலையில் மைக் செட் சத்தம் நிற்கவே இல்லை. இந்தச் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெதுவாகச் சொல்லும்மா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்கிறாள் அமலா.

உன் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். நாலு வருட இறையியல் படிப்பு முடிந்ததும் கல்லூரியிலிருந்து புத்தகங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அனுப்பினாயே, அது சித்திரையில் வந்தது. கரையான் பிடிக்காமல் இருக்க அமலாவும் நானும் எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் வைத்தோம். அவள் ஒவ்வொரு அட்டையையும் எனக்குப் படித்துச் சொன்னாள். திருச்சபைச் சட்டம், அருளடையாளங்கள், அறநெறி. ஒவ்வொன்றும் செங்கல் கனம். இதையெல்லாம் என் பிள்ளை தலையில் ஏற்றிவைத்திருக்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடியில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அமலா அதைத் திறந்து நின்றபடியே ரொம்ப நேரம் படித்தாள். "இன்னாடி அது?" என்று கேட்டேன். "அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ அண்ணன் எழுதினதும்மா. வகுப்புக்காக" என்றாள். மூடி வைத்துவிட்டாள்.

அது என்னவென்று பிறகு உபதேசியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேய்ப்புப் பணிப் பாடத்தில் ஒரு பயிற்சியாம். மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளோடு பேச வேண்டும். திரும்பி வந்ததும், நோயாளி என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரி வரியாக, சொல் மாறாமல் எழுதி வகுப்பில் காட்ட வேண்டும். எங்கே சரியாகப் பேசினாய், எங்கே தப்பினாய் என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதித் தருவார். நீ யாரோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதாமல் உன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அந்த மனிதர் திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். அவர் பேச்சு ஒரு கல்லூரியில் பாடமாகியிருக்கிறது என்று நினைத்தேன்.

அதனால்தான் அந்தத் தவறு செய்தேன். போன மாதம் அப்பாவின் இரண்டாம் வருட நினைவுக்கு நம் தெருச் சபைக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தை நம் வீட்டில் வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். செபமாலை முடிந்ததும், என் மகன் எழுதியதை வாசிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அமலா அடுப்படிக்குள் போனாள். "வேணாம்மா" என்றாள். "உங்கண்ணன் எழுதினது, படிச்சா இன்னா கொறஞ்சுடுவ?" என்றேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அவளுக்கு வியர்த்துவிடும், உனக்குத் தெரியும். வெட்கம் என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன்.

அவள் படித்தாள். முதல் வரியிலேயே, அறையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம் என்று எழுதியிருந்தாய். நான் நிமிர்ந்து பார்த்தேன். அமலா தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா தனக்குப் பயமாக இருக்கிறது என்றும், செத்தால் எங்கே போவேன் என்றும் உன்னிடம் கேட்கிறார். அதற்கு நீ சொன்னதாக எழுதியிருந்ததை அவள் அப்படியே வாசித்தாள்: "எனக்குத் தெரியாது அப்பா. ஆனால் பயமாக இருக்கும்போதெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருங்கள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்."

எல்லோரும் அழுதார்கள். பக்கத்து வீட்டு ரோஸி மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஏன்டி அமலா, உங்கண்ணன் தனியா கெடந்து அவர பாத்துகினு இருந்துகீறான், நீ அன்னிக்கு எங்கடி சுத்திகினு இருந்த?" என்று கேட்டாள். அவள் எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். "வெளில இருந்தேன்க்கா" என்றாள் அமலா. பிறகு எழுந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள்.

நைனா, அப்பா பயமாக இருக்கிறது என்று சொன்ன அன்று மண்டபத்திலிருந்து கஞ்சி எடுத்துக்கொண்டு திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது நீ வார்டு வாசலில், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாய். கையில் போன் இருந்தது. பேசி முடித்திருந்தாய். உள்ளே போகாமல் நின்றிருந்தாய். நானும் உன் பின்னால் வந்து நின்றேன். அப்பா கட்டிலில். அமலா கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவர் வாந்தி எடுத்தால் பிடிக்க. அவர் கேட்டதும் அவள் சொன்னதும் நம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. "எனக்குத் தெரியாதுப்பா. ஆனா பயமா இருந்தா என்கிட்ட சொல்லிகினே இரு. நான் கேட்டுகினே இருக்கேன்." அது அவள் வார்த்தை. நீ அதை எழுத்துத் தமிழாக்கினாய். அவளை அறையிலிருந்து எடுத்துவிட்டாய்.

அன்பியத்தில் அதை வாசித்தபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ரோஸி கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்து, என்ன புண்ணியம் செய்து இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றாய் என்று கையைப் பிடித்தார்கள். நான் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு அவளிடம், "நீ ஏன் அப்படியே படிச்ச?" என்றேன். "நீதானேம்மா படிக்கச் சொன்ன." "மாத்தியாவது படிச்சிருக்கலாமில்ல?" "எழுதியிருக்கறது அதானே" என்றாள். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பாக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவள் சொன்ன அந்த வரிக்குக் கீழே உன் பேராசிரியர் கோடு போட்டிருக்கிறார். பக்கத்தில், இந்தப் பதிலை எங்கே கற்றுக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் உன் சிந்தனை என்று ஒரு பத்தி இருக்கிறது. இயேசு தோட்டத்தில் வியர்வை சிந்தியபோது சீடர்கள் தூங்கிவிட்டார்கள், நான் விழித்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அமலா இரண்டு தடவை படிக்கவில்லை. ஒரு தடவை படித்தாள், போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

இதுவரை உன் தவறு. இனிமேல் சொல்லப்போவது என் தவறு. அதிலிருந்துதான் உன் தவறு வந்தது என்று நினைக்கிறேன்.

அமலா படிப்பை விட்டதற்கு நீ என்ன காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? படிப்பு ஏறவில்லை, அவளாகவே நின்றுவிட்டாள் என்று நான்தான் உனக்குப் போனில் சொன்னேன். அது பொய். இதை எழுத மாட்டேன் என்கிறாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்கிறேன். எழுதுகிறாள்.

அப்பாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்து, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொன்ன சமயம், நீ இறையியலில் முதல் வருடம். வாரத்துக்கு இரண்டு நாள் திருவள்ளூருக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். காலை ரயிலில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். நான் போனால் மண்டப வேலை போய்விடும், வீட்டில் உலை ஏறாது. உன்னை ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு வரச்சொல்லியிருக்கலாம். உங்கள் கல்லூரி அதிபர் சாமி அப்போது வீட்டுக்கு வந்து, வேண்டுமானால் அனுப்பிவைக்கிறோம், பிறகு வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. வேண்டாம் சாமி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் என்று இந்த நாலு வருடமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதியில் வீட்டுக்கு வந்த பையனைத் திரும்பவும் சேர்த்துக்கொள்வார்களோ என்று பயம். ஓடி வந்தவன் என்று ஊர் சொல்லும் என்று பயம். அதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மண்டபத்தில் என்னோடு பாத்திரம் கழுவுகிறவர்கள் சாமியாருக்குப் படிக்கிறவனைப் பெற்றவள் என்று என்னைச் சாமியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "சாமியாரம்மா கழுவின அண்டாவுல வச்சா சாம்பார் ஊசாதுடி" என்று கேலி பண்ணுவார்கள். மலைக்கு வருகிற லட்சம் பேருக்கு நடுவில் நம் கோயில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. நாம் யார் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? அந்தக் கேலிதான் எனக்கு இருந்த ஒரே மரியாதை. அதை விட எனக்கு மனசு வரவில்லை.

அமலா அப்போது ஒன்பதாவது. கணக்கு டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை வந்தபோது, "ஏம்மா, பத்தாவதாவது முடிக்கட்டுமே. வகுப்புல இவ ஒருத்திதான் நான் தப்பாப் போட்டா கண்டுபிடிக்கிறவ. வாயைத் தொறந்து சொல்ல மாட்டா, நோட்டுல சரியாப் போட்டு வச்சிருப்பா" என்றார். "அவளுக்கே இஷ்டம் இல்லீங்க டீச்சர்" என்றேன். அவர் என்னை விட்டு அவளைப் பார்த்து, "ஆமாவா அமலா?" என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "ஆங்" என்றாள். டீச்சர் போய்விட்டார். மறுநாள் காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள். அவளுக்குப் பதினாலு வயது.

இரண்டு வருடம் போய் வந்தாள். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் உனக்கு மீன் வறுத்து, நீ படித்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். நீ பேசுவது அவளுக்கு விளங்காது என்று நான் ஒரு தடவை உன் முன்னாலேயே சொன்னேன். நீ சிரித்தாய். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தெரியாமல் போவது இப்படித்தான். அறையில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம் என்று நீ எழுதியபோது பொய் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டாய். உன் கண்ணுக்கு அவள் தெரிந்திருக்க மாட்டாள். பார்க்காமல் இருக்க உனக்குப் பழக்கியவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குச் சாமியார் உன் பெயரை முதல் தடவையாக வாசித்தார். இவர் குருப்பட்டம் பெற இருக்கிறார், இதற்குத் தடையாக ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிற மாதிரிதான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் அமலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டுப்பாடத்தில் வரி மாற்றி எழுதியதை யாரும் தடை என்று சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு நீ சாவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் போவாய். ஜனங்கள் முழங்காலில் நின்று உன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார்கள். அடுத்தவர் சொல்லை எடுத்து உன்னுடையதாக வைத்துக்கொண்டு அங்கே நீ எப்படி உட்காருவாய்? எனக்கு அது பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும்.

நான் எழுந்து போய்ச் சொல்ல மாட்டேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. உன் பட்டம் நிற்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்தச் சிவப்புக் கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. அதை எழுது என்றுதான் கேட்கிறேன். உன் பேராசிரியரிடம் போய், என் தங்கையிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல். அதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வா. என்னிடம் வராதே, அவளிடம் வா. அவள் ஒன்றும் பேச மாட்டாள். நீ கேட்டால் ஒன்றுமில்லைண்ணா என்பாள். அவள் அப்படிச் சொன்னதும் எழுந்து போய்விடாதே. அவளுடைய ஆங் என்கிற பதிலை நம்பித்தான் நாம் எல்லோரும் அவளைத் தொலைத்தோம்.

புத்தகம் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று. நோயாளிக்கு எண்ணெய் தடவி நோயில் பூசுதல் கொடுக்க ஒரு வீட்டுக்குப் போனால், படுத்திருப்பவரைப் பார்த்த பிறகு, கட்டிலுக்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குனிந்து பார். அவர்களிடமும் ஒரு வார்த்தை கேள். உடனே நம்பாதே. இன்னொரு தடவை கேள்.

பட்டத்தன்று ஊர்வலத்தில் அப்பா இடத்தில் உன் பெரியப்பா நடக்கட்டும் என்று உபதேசியார் சொல்கிறார். அமலா நடக்கட்டும் என்றேன். இவள் வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். எல்லோரும் பார்ப்பார்களாம். அதை நீயே வந்து கேட்டுக்கொள். நான் கட்டாயப்படுத்தி அவளிடம் எதையும் செய்யச்சொல்லும் காலம் முடிந்துவிட்டது. இந்த வருடம் பத்தாவது தனித்தேர்வு எழுதுகிறாயா என்றும் கேட்டுப் பார்த்தேன். பார்க்கலாம்மா என்கிறாள். அதையும் நான் நம்பவில்லை.

தாளில் இன்னும் அரைப் பக்கம் இருக்கிறதாம். அதில் அவளுக்குத் தோன்றியதை எழுதட்டும். எனக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.

உன் அம்மா

அண்ணா,

அம்மா குழாயடிக்குப் போயிருக்கிறது. எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உன் தாளில் இருந்த மாதிரியே எழுதுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நீ கிளம்பினாய், அம்மா உன்னைப் படி வரை விட வந்தது. அப்போது பேசியது இது. சொல் எதையும் மாற்றவில்லை.

அப்பா: போயிட்டானா?

நான்: ஆங். ரயிலுக்கு நேரமாயிடுச்சாம்.

அப்பா: நல்லாப் படிக்கட்டும். அவன் மேல கோவப்படாத.

நான்: இல்லப்பா.

அப்பா: என் பயத்த உன்கிட்ட சொல்லச் சொன்னியே. உனக்கு பயம் இல்லையா?

நான்: இருக்குது.

அப்பா: நீ யார்கிட்ட சொல்லுவ?

நான்: (பேசினைக் கழுவ எடுத்துப்போனேன்.)